பறக்கும் வீரனின் துண்டு என்ன நிறம்?

இளைஞர்களே, போன வாரம் உங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு என்னை அழைத்திருந்தீர்கள். ஒரு பறக்கும் வீரன் படத்துக்குத் தமிழ் வசனம் எழுதிக்கொண்டிருந்தீர்கள். டீ குடித்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒரு பெண் கேட்டாள்: “சார், இது ஆகாசத்துல பறக்கற ஆளோட படம். இதுல போய் எதுக்கு அரசியல், யாரை எப்படிக் காட்டியிருக்காங்கங்கற ஆராய்ச்சி எல்லாம்? ஜாலியாப் பாத்துட்டுப் போக வேண்டியதுதானே?”

எனக்குச் சிரிப்பு வந்து, டீ மூக்கில் ஏறிவிட்டது. நீங்கள் எல்லோரும் பதறிப்போய் முதுகில் தட்டினீர்களே தவிர, நான் ஏன் சிரித்தேன் என்று கேட்கவில்லை. ஏறத்தாழ அதே வார்த்தைகளை, ஒரு கூடாரம் நிறைந்த ஜனங்களிடம், நானே ஒரு காலத்தில் மைக்கில் சொல்லியிருக்கிறேன். அதற்கு எனக்குக் கிடைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டப்பிங் எழுத வந்தது பின்னால். அதற்கு முன் எனக்கு இருந்த வேலைக்குச் சரியான பெயரே கிடையாது. அறுபதுகளின் தொடக்கத்தில், இராமேஸ்வரம் சாலையில் ஊர் ஊராகக் கூடாரம் அடிக்கும் ஒரு டூரிங் டாக்கீஸில் இருந்தேன். இந்திப் படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று, யார் என்ன பேசுகிறார்கள் என்று தமிழில் சொல்வேன். ஜனங்கள் என்னை ‘மைக்கு’ என்றே கூப்பிட்டார்கள். என் அம்மாவே ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எனக்கு இந்தி எப்படித் தெரியும் என்றால், தெரியாது என்பதுதான் உண்மை. ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயை நம்பி நெல் விதைத்த குடும்பம் எங்களுடையது. ஒரு வருஷம் கண்மாய் காய்ந்தது. நான் பம்பாய்க்கு ரயில் ஏறினேன். அங்கே ஒரு ஓட்டல் சமையலறையில் நாலு வருஷம். சாப்பாட்டுப் பெயர்கள், வசவுகள், ‘சீக்கிரம்’ என்பதற்கு ஏழு விதமான சொற்கள், இவ்வளவும் எனக்குச் சரளம். ஆனால் சினிமாவில் யாரும் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்று பேசுவதில்லையே! ராஜாவும் மந்திரியும் பேசும் பெரிய இந்தி வந்தால் எனக்கு ஒரு சொல்லும் புரியாது. புரியாத இடத்தை நானே நிரப்பிவிடுவேன். ராஜாவா, நியாயம் பேசுவார். தாயா, அழுவாள். தாடி வைத்த முரடனா, கொல்லுவேன் வெட்டுவேன் என்பான். இப்படியே இரண்டு வருஷம் ஓட்டினேன். ஒருவரும் கேட்டதில்லை.

உச்சிப்புளிக்கு வெளியே கூடாரம் போட்டிருந்தபோது அந்தப் படம் வந்தது. ஒரு தீவு, அதில் ஒரு அரண்மனை. முகமூடி போட்ட வீரன் ஒருவன், முதுகில் நீளமாக ஒரு துணியைக் கட்டிக்கொண்டு ஆகாயத்தில் பறப்பான். தீவின் துறைமுகத்தில் வலைக்காரர்களும் படகுக்காரர்களும் அரண்மனையை எதிர்த்துக் கிளம்புகிறார்கள். அவர்களுக்குத் தலைவன் தாடியும் தொப்பியும் கைலியுமாக ஒரு ஆள். வீரன் பறந்து வந்து அத்தனை பேரையும் தூக்கித் தூக்கிக் கடலில் எறிகிறான். ராஜா மகிழ்ந்து அவனுக்கு முத்துமாலை போடுகிறார். அவ்வளவுதான் கதை.

முதல் நாள் முதல் ஆட்டத்துக்குத் திருப்புல்லாணிப் பக்கமிருந்து மாட்டு வண்டிகள், கடற்கரைக் குடியிருப்புகளிலிருந்து நடந்து வந்த கூட்டம், மணல் தரையில் எள் போட்டால் விழாது. வீரன் முதன்முதலாகப் பறந்தபோது எழுந்த சத்தத்தில் கூடாரக் கயிறு ஆடியது. யாரோ ஒருவன் கத்தினான்: “ஏலே மைக்கு! முதுகுல துண்டு போட்டிருக்கானே, அது என்ன நெறம்?”

கறுப்பு வெள்ளைப் படம். நான் யோசிக்கவே இல்லை. “செவப்பு!” என்றேன்.

ஒரு பக்கம் விசில் பறந்தது. இன்னொரு பக்கம் திடீரென்று அமைதியானது. தேர்தலுக்குப் பத்து நாள் இருந்தது என்பதும், அந்தப் பக்கத்தில் தோளில் இருக்கும் துண்டைப் பார்த்துத்தான் ஆளையே எடை போடுவார்கள் என்பதும் எனக்கு அந்த நேரத்தில் நினைவில்லை. வாயில் வந்த ஒரு சொல்லால் ஆகாயத்தில் போகிறவனைக் கட்சியில் சேர்த்துவிட்டேன்.

அதைவிடப் பெரிய அடி பின்னால் வந்தது. வீரன் வலைக்காரர்களைக் கடலில் எறியும் காட்சி. நான் உற்சாகமாக எண்ணிக்கொண்டிருந்தேன்: “ஒண்ணு! ரெண்டு! இந்தா, மூணாவது ஆளு போறான் பாரு!” ஐந்தாவது ஆளில்தான் என் குரல் மட்டும் கேட்பது எனக்கு உறைத்தது. கூட்டத்தில் பாதிப் பேர் கடலை நம்பிப் பிழைப்பவர்கள்.

பெண்கள் பக்கத் தட்டிக்கு அந்தப்புறமிருந்து ஒரு குரல் வந்தது. செபஸ்தியம்மாள். கருவாடு விற்பவர், எந்தப் படம் வந்தாலும் முதல் நாளே, முதல் வரிசையில் இருப்பார்.

“ஏலே மைக்கு, ஒண்ணு கேக்குறேன். இந்தப் பறக்குற மனுசன் நம்ம கரைக்கு வந்தா யாரைத் தூக்கி எறிவான்?”

நான் சிரித்தபடி சொன்னேன்: “அக்கா, இது ஆகாசத்துல பறக்குற ஆளு படம். சும்மா ஜாலியாப் பாத்துட்டுப் போங்கக்கா.”

“ஜாலியாப் பாக்கத்தானே வந்தேன்? மூணு மைலு நடந்து வந்து, எம் புருசன் மாதிரியே இருக்கவன் அடி வாங்குறதை நான் பாக்கணுமாக்கும்?”

கூடாரமே கொல்லென்று சிரித்தது. அவருடைய புருஷனும் ஆண்கள் பக்கத்திலிருந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் காது இரண்டும் நெருப்பாகிவிட்டன.

மறுநாள் காலையில் வெள்ளைத் துண்டு போட்ட ஆளுங்கட்சிக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். “வீரனுக்குச் செவப்புத் துண்டுன்னு யாரு சொன்னா? வெள்ளைன்னு சொல்லு. இல்லாட்டி இங்கன கொட்டகை இருக்காது.” அவர்கள் போனதும் சிவப்புத் துண்டுக்காரர்கள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்கள். “தோழர் மைக்கு! செவப்புத்தான். மாத்திராதீக.”

படம் ஓட்டும் எங்கள் ஆபரேட்டர் வயதில் என்னைவிட இரண்டு மாதம் சிறியவன். பெயர் சொன்னால் அவனுக்குப் பிடிக்காது, இன்றைக்கும் இருக்கிறான், சண்டைக்கு வருவான். அவன் வாழைப்பழத்தை உரித்தபடி சொன்னான்: “மாப்ளே, நெறத்தை விடு. நேத்து அந்தக் கருவாட்டுக்கார அக்கா கேட்டதுக்கு நீ பதிலே சொல்லலையே.”

அதற்கு ஒரு அற்புதமான யோசனை எனக்குத் தோன்றியது. அன்று மாலை ஆட்டத்தில் கதையையே மாற்றினேன். கடலில் எறியப்படுகிறவர்கள் வலைக்காரர்களே இல்லை. ஒட்டுத் தாடியும் தொப்பியுமாக வலைக்காரர் வேஷம் போட்டு வந்த அரண்மனை வரிக்காரர்கள் என்று அடித்துவிட்டேன். செபஸ்தியம்மாள் அன்றும் வந்திருந்தார், “அப்படிப் போடு!” என்றார். கூடாரம் குதித்தது. துண்டு வெள்ளை என்றேன். வெள்ளைத் துண்டுக்காரர்கள் கை தட்டி முடிப்பதற்குள், வரிக்காரர்களைப் போட்டு மிதித்தால் அது அரசாங்கத்தை மிதிப்பதாயிற்றே என்று அவர்களுக்கே சந்தேகம் வந்து கை பாதியில் நின்றது. சிவப்புத் துண்டுக்காரர்கள் தங்கள் வாழைப்பழத்தைத் திருப்பிக் கேட்டார்கள். நானோ ஒரு பெரிய சாமர்த்தியசாலியைப் போல மிதந்துகொண்டிருந்தேன்.

ஆனால் ஆண்கள் பக்கத்தில் ஒருவர் மட்டும் யாரும் சிரிக்காத இடத்தில் எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். மீரா காக்கா. காக்கா என்றால் அந்தக் கரை முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். பாய்மரக் கப்பலில் சரக்கு ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் பம்பாய்க்கும் போய்வந்தவர். தாடி, தொப்பி, கைலி.

“தம்பி, நான் பதினாறு வருசம் பம்பாய்த் துறைமுகத்துல கெடந்தவன். நீ சொல்ற கதைக்கும் அவன் பேசுற பேச்சுக்கும் அல்லாஹ் அறிய ஒரு சம்பந்தமும் இல்லை.”

“காக்கா, வெளிய சொல்லிறாதீக...”

“பொய் நல்லாத்தான் இருந்துச்சு. செபஸ்தி தங்கச்சிக்கு வேண்டி சொன்னே, புரியுது. ஆனா என்னைய யோசிச்சியா? தாடியும் தொப்பியும் வேசம்னு சொல்லிட்ட. நாளைக்கு நான் கடைத்தெருவுக்குப் போனா சின்னப் புள்ளைக வந்து இது ஒட்டா நெசமான்னு இழுத்துப் பாக்கும்.” தன் தாடியைத் தானே ஒரு இழு இழுத்துக் காட்டினார். “நெசந்தான்.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒருத்தியைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி இன்னொருவரைத் தள்ளிவிட்டிருக்கிறேன். “அப்ப அந்தத் தாடிக்காரர் நெசமா என்னதான் பேசுறார் காக்கா?”

அவர் மணலில் உட்கார்ந்தார். அந்த நீளமான வசனத்தை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார். “‘எங்க வலையில விழுற மீனுல பாதி அரண்மனைக்கு. மிச்சத்துல பாதி அரண்மனை ஆளுகளுக்கு. எங்க புள்ளைக உப்புத் தண்ணியைக் காய்ச்சிக் குடிக்குது. எங்களைக் கொள்ளைக்காரன்னு சொல்றீங்களே, எங்ககிட்ட என்ன மிச்சம் இருக்குன்னு வந்து பாருங்க.’ இதான் தம்பி அவன் பேசினது.”

அந்த வசனத்துக்கு இரண்டு நாளாக நான் சொன்ன தமிழ் என்ன தெரியுமா? முதல் நாள்: “ஹஹ்ஹஹ்ஹா! தீவைக் கொளுத்துவேன்! இளவரசியைத் தூக்குவேன்!” இரண்டாம் நாள்: “ஹஹ்ஹஹ்ஹா! என் வேஷம் எவனுக்கும் தெரியாது!”

படம் எடுத்தவர்கள் அந்த ஆளை அடி வாங்க வைத்தது உண்மை. ஆனால் அங்கே எழுத உட்கார்ந்த யாரோ ஒரு புண்ணியவான், அடி வாங்குவதற்கு முன்னால் அவனுக்கு நாலு வரி நியாயம் கொடுத்திருந்தான். அதை இந்தக் கரையில் உள்ள யாருக்கும் கேட்கவிடாமல் செய்தவன் நான். எனக்குப் புரியாத பாஷை பேசினான், பார்க்க முரடனாக இருந்தான், எனவே கெட்டவன் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். சாவகாசமாக யோசித்துச் செய்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். யோசிக்காமலே செய்திருக்கிறேன், அதுவும் நாக்கு நுனியில்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஏட்டையா சைக்கிளில் வந்தார். ஆள் உயரம் குறைவு, குரல் கோயில் மணி. “இன்னைக்கு ரெண்டு கட்சிக்காரனும் ஆள் கூட்டிட்டு வாரான். ஒரு சோடா பாட்டில் பறந்தாலும் லைசென்ஸ் போயிரும். கொட்டகை முளைக்குச்சியை நானே புடுங்குவேன், ஆமா.”

கூடாரத்தை நம்பி நாங்கள் பதினாலு பேர். முதலாளி இராமநாதபுரத்தில் காய்ச்சலில் படுத்திருந்தார். எனக்கு உடனே தோன்றியது, மூன்று மணி பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போய்விடலாம் என்பதுதான். சாலை வரைக்கும் நடந்தும் போனேன். பஸ்ஸில் சரியான கூட்டம். ஒரு ஆட்டுக்கு இடம் இருந்தது, எனக்கு இல்லை. அங்கேயே நின்று யோசித்தேன். துண்டுக்கு மூன்றாவதாக ஒரு நிறம் சொல்லலாம். மூன்றாவது கட்சி ஒன்று வந்து சேரும். கதையை இன்னொரு தரம் மாற்றலாம். இன்னும் யாராவது ஒருவர் தாடியை இழுத்துக் காட்டுவார். நேராக மீரா காக்கா வீட்டுக்குப் போனேன்.

“காக்கா, இன்னைக்கு அந்தத் தாடிக்காரர் வசனத்தை நீங்களே பேசுங்க. நான் பேசுனா எனக்கே நம்பிக்கை வரலை.”

“நானா? சினிமாவுலயா? பள்ளிவாசல்ல என்னைய என்ன சொல்லுவாக?”

“திரைக்குப் பின்னாடி உக்காருங்க. ஒருத்தருக்கும் தெரியாது.”

அவர் தாடியைத் தடவினார். “தண்ணி ஒரு சொம்பு வச்சிரு. தொண்டை காயும்.”

அன்று வீரன் பறந்தபோது கேள்வி உடனே வந்தது. “துண்டு என்ன நெறம்லே?” இரண்டு பக்கமும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். சோடா பாட்டில்கள் கைக்கு வந்துவிட்டன. ஏட்டையா விசிலை வாயில் வைத்தார்.

“தெரியாது” என்றேன். “இது கறுப்பு வெள்ளைப் படம். செவப்புன்னு சொன்னதும் பொய், வெள்ளைன்னு சொன்னதும் பொய். அந்தத் தாடிக்காரர் பேசினதுன்னு நான் சொன்னது எல்லாமே பொய். எனக்கு அவ்வளவு இந்தி வராது. இன்னைக்கு நெசமா என்ன பேசுறார்னு கேளுங்க.”

அப்புறம் தட்டிக்கு அந்தப்புறமிருந்து செபஸ்தியம்மாள்: “எந்திரிச்சவன்லாம் உக்காருங்கடா, மறைக்குது!” உட்கார்ந்தார்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் அந்தக் குரலுக்கு உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

தாடிக்காரர் திரையில் வாயைத் திறந்தார். திரைக்குப் பின்னாலிருந்து குரல் எழுந்தது: “எங்க வலையில விழுற மீனுல பாதி...”

“ஏ! இது நம்ம மீரா காக்காடா!”

ரகசியம் அரை வரிகூடத் தாங்கவில்லை. சிரிப்பு கூடாரத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடியது. காக்கா நிறுத்தவில்லை. “எங்க புள்ளைக உப்புத் தண்ணியைக் காய்ச்சிக் குடிக்குது” என்ற இடத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. “எங்ககிட்ட என்ன மிச்சம் இருக்குன்னு வந்து பாருங்க” என்று அவர் முடித்தபோது மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் முதுகு நிமிர்ந்திருந்தார்கள்.

அப்போது வீரன் வந்து இறங்கினான். தாடிக்காரரைத் தலைக்கு மேலே தூக்கினான். முந்தாநாள் விசிலடித்த அதே கூட்டம் ஒரே குரலில் கத்தியது: “விடுலே அவரை!” திரைக்குப் பின்னாலிருந்து காக்காவும் தன்னை மறந்து, “ஏலே, எறக்கி விடு!” என்றார். அது படத்தில் இல்லை.

எல்லாரையும் எறிந்து முடித்தபின் வீரன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து நிற்பான். வசனம் கிடையாது. அந்த இடத்தில் நான் வழக்கமாக “ஒழிந்தான் எதிரி!” என்பேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

செபஸ்தியம்மாள் எழுந்து நின்றார். “என்னத்தைப் பாத்துட்டு நிக்குற? வரியைப் போட்டவன் யாருன்னு போய்க் கேளுடா!”

வீரன் முகத்தைத் திருப்பினான். துணி படபடக்க எழும்பி அரண்மனையை நோக்கிப் பறந்தான்.

“கேக்கப் போறாண்டோய்!”

நான் நாற்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்திருக்கிறேன். அப்படி ஒரு சத்தத்தை மறுபடி கேட்டதில்லை. சிவப்பு, வெள்ளை, கைலி, வேட்டி, அத்தனை பேரும் நின்றுகொண்டு குதித்தார்கள். ஒற்றை மிஷின் கொட்டகை, ரீல் மாற்ற விளக்குப் போட்டாக வேண்டும். போட்டதும், வீரன் ராஜாவை என்ன செய்வான் என்று ஆளாளுக்கு வாதம். அடுத்த ரீலில் முத்துமாலை இருப்பது முன்பே பார்த்தவர்களுக்குக்கூட மறந்துபோயிருந்தது; எனக்கு மட்டும்தான் நினைவிருந்தது.

ஆசையாக இருந்தது, இளைஞர்களே, மறைக்காமல் சொல்கிறேன். வீரன் மாலையைத் தூக்கி ராஜா முகத்தில் எறிந்துவிட்டான் என்று ஒரு வரி சொன்னால் போதும், என்னைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போயிருப்பார்கள். ஆபரேட்டர் அறைத் துவாரத்தைப் பார்த்தேன். அவன் அங்கிருந்து இரண்டு கையையும் விரித்தான். உன் பாடு என்று அர்த்தம்.

ரீல் ஓடியது. “ராஜா முத்துமாலையை எடுக்குறார்” என்றேன். தொண்டையைச் செருமினேன். “வீரன் குனியுறான்... வாங்கிக்கிட்டான்.”

“வாங்கிட்டானா!” என்றார் செபஸ்தியம்மாள்.

நான் கல்லுக்குப் பயந்து தலையைக் குனிந்தேன். வந்தது சிரிப்பு. வெள்ளைத் துண்டுக்காரர் ஒருவர் எழுந்து சிவப்புத் துண்டுக்காரர்கள் பக்கம் கை நீட்டினார்: “பாத்துக்கங்க! செவப்புத் துண்டு போட்ட உங்க ஆளு!” அங்கிருந்து பதில் பறந்தது: “நேத்து வெள்ளைத் துண்டுன்னு கை தட்டுனது யாருய்யா? நீங்களே வச்சுக்கங்க!” இரண்டு நாளாக அவனுக்காக அடித்துக்கொள்ளத் தயாராக இருந்தவர்கள், இப்போது அவனை ஒருவர் மேல் ஒருவர் தள்ளினார்கள். தள்ளத் தள்ளச் சிரிப்பு ஏறியது. சோடா பாட்டில்கள் குடிப்பதற்கு மட்டும் திறக்கப்பட்டன. மீரா காக்கா திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, பள்ளிவாசல் ஆட்கள் நாலு பேர் முன்வரிசையிலேயே இருப்பதைப் பார்த்து மறுபடி உள்ளே போய்விட்டார்.

பறக்கும் வீரனைப் பற்றி உங்களுக்கு நான் கவலைப்பட்டுச் சொல்ல ஒன்றுமில்லை. அவனுக்கு வசனம் தானாக வரும். அடி வாங்குகிறவன் என்ன பேசினான் என்பது புரியாவிட்டால், தெரிந்தவரைத் தேடிப் போங்கள். அதற்குப் பின் ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர்களுக்கு நாம் நினைப்பதைவிட நன்றாகப் படம் பார்க்கத் தெரியும்.

கூட்டம் கலைந்தபின் ஏட்டையா என்னை நோக்கி நடந்து வந்தார். எனக்கு முளைக்குச்சி ஞாபகம் வந்தது. “அய்யா, ஒண்ணும் கலாட்டா ஆகலை...” என்று ஆரம்பித்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கோயில் மணிக் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது.

“தம்பி, நாளைக்கு அந்த ராசா பேசுறதை நான் பேசட்டுமா?”

படம் மேலும் ஐந்து நாள் ஓடியது. ஐந்து நாளும் திரைக்குப் பின்னால் இரண்டு முக்காலி. ராஜா வாயைத் திறந்தபோதெல்லாம் கூடாரம் முழுக்க அவரை ஏசியது, அவர் வம்சத்தையே ஏசியது. உள்ளே உட்கார்ந்திருந்த ஏட்டையாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.